பார்ப்பதற்கு மட்டும் ஒரு கிணறு

எங்கள் தோட்டத்தில் ஒரு ஆழ்துளைக் கிணறு இருக்கிறது. போட்ட அன்றைக்கே தண்ணீர் வந்த கிணறு. இதைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் எல்லாரும் கொடுத்து வைத்தவன் என்பார்கள். அதிலிருந்து இன்று வரை ஒரு சொம்புத் தண்ணீர்கூட நாங்கள் எடுத்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். அதனால் நான் யாரிடமும் சொல்வதில்லை. நீங்களாகக் கேட்டதால் சொல்கிறேன். நடுவில் சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள், எனக்கு வருத்தமில்லை. எனக்குச் சிரிப்பு வந்துதான் ரொம்ப நாளாயிற்று.

நான் பிறவி விவசாயி கிடையாது. பெயர் தீனதயாளன், அம்மாபேட்டையில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவன். தறிச் சத்தத்தில் காது மந்தமாயிற்று, நூல் விலையில் தொழில் மந்தமாயிற்று. தறியை எடைக்குப் போட்டுவிட்டு என்ன செய்வது என்று உட்கார்ந்திருந்தபோது என் மனைவி உஷாராணி, தன் அப்பா கொடுத்த காடு ராசிபுரம் போகிற வழியில் சும்மாதானே கிடக்கிறது, அங்கே போய்விடலாம் என்றாள். எங்கள் பக்கம் காடு என்றால் விவசாய நிலம், ஒன்றரை ஏக்கர். ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் தார் ரோடு. நடுவில் ஒரு ஓட்டு வீடு, ஒரு பழைய கிணறு. ஆறு என்றால் தண்ணீர் ஓடும் என்று நினைத்துவிடாதீர்கள். சாயம் ஓடும். ஆனால் பழைய கிணற்றில் குடிக்கிற மாதிரி தண்ணீர் கொஞ்சம் ஊறிக்கொண்டிருந்தது.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொல்லிச்சாரல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். அங்கே படிவப் பாறையியல் மற்றும் நீர்வளத் துறை என்று ஒன்று இருக்கிறது. படிவப் பாறை என்றால், சேறும் மணலும் அடுக்கடுக்காகப் படிந்து, யுகக்கணக்கில் இறுகிக் கல்லாகிப் போனது. எங்கள் வட்டாரத்தில் அந்தக் கல் கிடையாது. சேலம், நாமக்கல்லில் எங்கே கடப்பாரை போட்டாலும் இடுப்பளவில் கருங்கல்தான் முட்டும். படிவப் பாறையைப் பார்க்க வேண்டுமென்றால் அரியலூர் பக்கம் பஸ் ஏற வேண்டும். அப்படியிருக்க இந்தத் துறையை ஏன் இங்கே வைத்தீர்கள் என்று துறைத்தலைவரையே ஒருநாள் கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கட்டிடம் இங்கேதானே இருக்கிறது என்றார்.

துறைத்தலைவர் முனைவர் ஜெயபிரகாஷ். தலையில் எப்போதும் ஒரு அகலத் தொப்பி. இடுப்பில் தோல் உறையில் ஒரு சுத்தியல், போலீஸ்காரர் துப்பாக்கி வைத்திருப்பாரே, அந்த மாதிரி. அதை அவர் உருவி ஒரு கல்லைத் தட்டி நான் பார்த்ததில்லை.

அவர் எங்கள் காட்டுக்கு வந்ததற்குக் காரணம் ஆறுதான். அது காலங்காலமாக எங்கள் நிலத்தில் வண்டலைக் கொண்டுவந்து கொட்டி வைத்திருந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் படிவு என்று சொல்லிக்கொள்ள இருந்தது எங்கள் சேறு ஒன்றுதான். அதை ஒரு பிடி அள்ளிக் கையில் வைத்துக்கொண்டு, ஜெயபிரகாஷ் சார் கண் கலங்கினார். பிறகு விஷயத்துக்கு வந்தார். துறைக்கு ஒரு நோக்குக் கிணறு வேண்டும், அதாவது நீர்மட்டத்தை அளந்து பார்க்கிற கிணறு. போர் போடுகிற செலவு முழுக்க அவர்களுடையது. ஆய்வு இரண்டு வருடம். ஆய்வு முடிந்ததும் கிணறு எங்களுக்கே. நடுவில் நாங்கள் விதியை மீறினால் போர் போட்ட செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். அவ்வளவுதான்.

செலவில்லாமல் போர் என்று யாராவது சொன்னால், எங்கள் சீமையில் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கிறவன் மனிதனே இல்லை. நானும் கேட்கவில்லை, நீட்டின ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன்.

சித்திரையில் திருச்செங்கோட்டு ரிக் வண்டி போர் போட வந்த அன்று உஷாராணி மஞ்சள் தண்ணீர் தெளித்து, எலுமிச்சம்பழம் வெட்டி, சூடம் காட்டினாள். சூடம் காட்டுவது ஆய்வு முறையில் இல்லை என்று ஜெயபிரகாஷ் சார் முதலில் முகம் சுளித்தார். போட்டோ எடுக்கிறார்கள் என்றதும் தானே தட்டை வாங்கிக் காட்டினார். வண்டல் தாண்டி, கருங்கல் தாண்டி, மதியம் வரைக்கும் வெறும் வெள்ளைப் புழுதிதான் பறந்தது. உஷாராணி ஒரு வாய் சோறு தின்னவில்லை. பிறகு புழுதி ஈரமாயிற்று, கூழாயிற்று, கடைசியில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு பனைமர உயரத்துக்கு எழும்பியது. நனைந்துகொண்டே அழுதாள் என் மனைவி. நானும் சட்டையோடு போய் நனைந்தேன், பொய் சொல்வானேன். துறைத்தலைவர் தொப்பியோடு அந்தத் தண்ணீருக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் இன்றைக்கும் துறையின் வாசலில் பெரிதாக மாட்டியிருக்கிறது. படத்தில் ஓரமாகத் தெரிகிற சேலைத் தலைப்பு உஷாராணியுடையது.

பொழுது சாய்வதற்குள் குழாய் வாயில் இரும்பு மூடி போட்டு, பூட்டுப் போட்டு, சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஒரு குடமாவது எடுத்துக்கொள்ளலாமா என்று அப்போதே கேட்டேன். அதற்கு ஜெயபிரகாஷ் சார் என் தோளில் கை வைத்து விளக்கினார்.

"மிஸ்டர் தீனதயாளன், இது நோக்குக் கிணறு. தண்ணீரை எடுக்கிறவர் விவசாயி, தண்ணீரைப் புரிந்துகொள்கிறவர் விஞ்ஞானி. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஒரே கிணத்துல இருக்க முடியாது. நீங்க எடுத்தா மட்டம் இறங்கும். மட்டம் இறங்கினா, அது ஏன் இறங்குச்சுன்னு நான் ஆராய்ச்சி பண்ணணும். அதுக்கு நிதி ஒதுக்கலை."

எனக்குக் காது மந்தம் என்றாலும் இது தெளிவாகவே கேட்டது. வீட்டுக்குள் வந்து உஷாராணியிடம் சொன்னேன். அவள் முகம் வாடவில்லை. அவள் கணக்கு வேறாக இருந்தது.

"ரெண்டு வருசந்தானுங்க. அதுவரைக்கும் பழைய கெணத்துத் தண்ணியில பாக்குக் கன்னை ஒப்பேத்திப்புட்டா, கன்னு பெருசாயி நெறையாத் தண்ணி கேக்கறப்ப போரு நம்மளுதாயிருமுங்க."

கேட்பதற்கு எவ்வளவு சரியாக இருக்கிறது பாருங்கள். அடுத்த வாரமே தம்மம்பட்டிக்குப் போய் நாற்றுப் பண்ணையில் பாக்குக் கன்றுகளாக வண்டி நிறைய ஏற்றிவந்தாள். வெயில் படாமல் இருக்க இடையிடையே வாழை. பாக்கு என்பது பொறுமைக்காரன் பயிர். காய்க்க ஏழெட்டு வருடம் ஆகும். ஆனால் ஒருமுறை வேர் பிடித்து நின்றுவிட்டால் நம் காலத்துக்கும், பிள்ளைகள் காலத்துக்கும் சோறு போடும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கள் கடைசிக் காலத்துக்கு அந்தக் கன்றுகள்தான் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். கோடையில் தண்ணீர் தப்பினால் மட்டும் போயே போய்விடும்.

முதல் வருடம் கிணறு ரொம்பப் பெரிய மனுஷனாகிவிட்டது. அதற்கு எண் கொடுத்து, பலகை நட்டு, வேலி கட்டி, துணைவேந்தர் வந்து நாடா வெட்டினார். ஏற்கெனவே போட்ட கிணற்றை எதற்குத் திறக்கிறார்கள் என்று புரியாமல் நானும் கைதட்டினேன். வெட்டியது நாடாவை மட்டும்தான், பூட்டைத் திறக்கவில்லை. சாவி வைத்திருந்தவர் அன்று விடுப்பு. அப்புறம் வருடம் திரும்பியதும் கிணற்றுக்குப் பிறந்தநாள் வந்தது. கேக் வெட்டினார்கள். எங்கள் கல்யாண நாளைக்குக்கூட நாங்கள் கேக் வெட்டியதில்லை.

மாணவர்களும் பஸ் பஸ்ஸாக வந்தார்கள். வெயிலில் நின்று பூட்டிய மூடியைச் சுற்றிக் குறிப்பெடுப்பார்கள். எடுத்து முடித்ததும் நேராக எங்கள் வாசலுக்கு வந்து குடிக்கத் தண்ணீர் கேட்பார்கள். பாவம், பிள்ளைகள். உஷாராணி இல்லை என்று சொல்ல மாட்டாள். நீர்வளம் படிக்க வந்தவர்கள் எங்கள் குடத்தைக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். அவள் மறுபடியும் ஊர்க் குழாய்க்கு நடப்பாள்.

அளவெடுக்க மாதாமாதம் வந்தது மோனிஷா என்ற ஆராய்ச்சி மாணவி. சேலத்துப் பெண், ஜெயபிரகாஷ் சாரிடம்தான் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள். ஒரு நாடாவைக் குழாய்க்குள் இறக்குவாள். நுனி தண்ணீரைத் தொட்டதும் மேலே இருக்கிற பெட்டி 'கீ' என்று கத்தும். அந்தச் சத்தம் கேட்டால் உஷாராணிக்கு ஒரு நிம்மதி. அடுப்படியில் இருந்தபடியே, "இருக்குதா சாமி?" என்பாள். "இருக்குங்க அக்கா" என்று மோனிஷா சொல்வாள். எங்களுக்கும் அந்தக் கிணற்றுக்கும் இருந்த கொடுக்கல் வாங்கல் அந்த அளவோடு சரி.

இரண்டாவது மாசியில் பழைய கிணறு அடி கண்டது. மோட்டார் போட்டால் காற்றைத்தான் இழுத்தது. வாழை இலைகள் கிழிந்து தொங்க ஆரம்பித்தன. சரி, இன்னும் இரண்டு மாதம்தானே, சித்திரையில் போர் நம் கைக்கு வந்துவிடும் என்று, உஷாராணி காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தாள், டேங்கர் தண்ணீருக்குச் சொன்னேன். முதல் லோடு வந்து கன்றுகளுக்குப் பாய்ந்துகொண்டிருக்கும்போதே மோனிஷா ரோட்டைத் தாண்டி ஓடி வந்தாள். பின்னாலேயே ஜெயபிரகாஷ் சாரும் வந்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு ஒரு புதிய உண்மை தெரிந்தது. கிணற்றிலிருந்து தண்ணீர் எடுப்பது மட்டும் குற்றமல்ல. கிணற்றுக்கு அருகே தண்ணீர் விடுவதும் குற்றம். விட்ட தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிப் போய் ஊறினால் நீர்மட்டம் உயர்ந்துவிடும், அப்புறம் ஆய்வு பொய்யாகிவிடும். நூறு மீட்டர் சுற்றுவட்டத்துக்குள் வெளித்தண்ணீர் ஒரு சொட்டு விழக்கூடாது. உழக்கூடாது என்றும் சேர்த்துக்கொண்டார், உழுதால் படிவு அடுக்கு கலைந்துவிடுமாம். மறுநாள் சுண்ணாம்புப் பொடியோடு ஆட்கள் வந்து, கிணற்றை நடுவில் வைத்துக் கபடி மைதானம் போல வட்டம் போட்டார்கள். கோடு பாக்குத் தோப்பை முழுக்கச் சுற்றியது. அப்படியே எங்கள் வீட்டையும் சுற்றிக்கொண்டு போய், முன்வாசல் கேட் அருகில் வந்து முடிந்தது. கேட்டுக்கு வெளியே இருந்தது ரோடு.

மழை பெய்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஜெயபிரகாஷ் சார் யோசித்தார். அது இயற்கை, அதற்கு நாம் எழுதித்தான் தர முடியும் என்றார்.

வீடும் வட்டத்துக்குள் வந்துவிட்டதால் நாங்கள் குளிக்கிற தண்ணீர் பிரச்சினையாயிற்று. அதற்கென்று ஒரு குழு போட்டார்கள். மூன்று பேராசிரியர்கள் வந்து எங்கள் குளியலறையைச் சுற்றிப் பார்த்தார்கள். ஒருவர் சோப்பின் பெயரைக் குறித்துக்கொண்டார். நாங்கள் குளிக்கலாம், ஆனால் குளித்த தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து வட்டத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. தினமும் காலையில் நான் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு, காய்கிற பாக்குக் கன்றுகளுக்கு நடுவே நடந்து போய், தார் ரோட்டில் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்தேன். போகிற வருகிற லாரிக்காரர்கள் ரோட்டுக்கு எதற்கு நீர் பாய்ச்சுகிறீர்கள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. மரியாதை தெரிந்தவர்கள்.

மீறிப் பார்த்துவிடலாம் என்று எனக்கும் வெறி வந்தது. போர் போட்ட செலவைக் கட்டு என்றால் காட்டை விற்றால்தான் உண்டு. போதாததற்குச் சித்திரை கண்ணுக்கெதிரே நின்றது. இவ்வளவு பொறுத்தவன் கடைசியில் காரியத்தைக் கெடுத்துக்கொள்ளலாமா என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன். உஷாராணி மட்டும் விடியற்காலையில் வீட்டை ஒட்டிய வரிசைக் கன்றுகளுக்கு, குடிக்கிற தண்ணீரில் கை கழுவுகிற மாதிரி விட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் மோனிஷா அதைப் பார்த்துவிட்டாள். பார்த்ததும் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். உஷாராணி சொம்பைக் காலி செய்யும் வரைக்கும் அந்த வார் சரியாகவே இல்லை. நல்ல பெண், அதைச் சொல்லியாக வேண்டும்.

இதற்கு நடுவில் தண்ணீர்ப் பற்றாக்குறை குறித்துப் பன்னாட்டுக் கருத்தரங்கு நடந்தது. நேபாளத்திலிருந்து ஒருவர் கம்ப்யூட்டரில் தோன்றி வணக்கம் சொன்னதும் இணைப்பு அறுந்துவிட்டது, ஆனாலும் அதற்குள் பன்னாட்டு ஆகிவிட்டது. என்னைப் பங்குதாரர் என்று பெயரிட்டு மேடையில் உட்கார வைத்து, சால்வை போர்த்தினார்கள். பங்குனி வெயிலில் சால்வை. என் பங்கு எது என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன், மதியச் சாப்பாட்டு டோக்கனைக் காட்டினார். ஜெயபிரகாஷ் சார் ஒரு மணி நேரம் பேசினார். அதில் ஒன்று மட்டும் நினைவிருக்கிறது.

"எங்கள் துறை தொடங்கிய நாளிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட வீணாக்கியதில்லை என்று பெருமையோடு சொல்வேன். ஏனென்றால் ஒரு சொட்டைக்கூட நாங்கள் வெளியே எடுத்ததில்லை."

கைதட்டல் அடங்கவே வெகுநேரமாயிற்று.

மத்தியானம் வெளியூர்க்காரர்களை எங்கள் தோப்புக்குக் கூட்டிவந்தார்கள். வறட்சி என்றால் இதுதான் என்று காய்ந்த கன்றுகளைக் காட்டினார்கள். கன்று ஒன்றைப் பிடித்தபடி ஒரு அம்மாள் படம் எடுத்துக்கொண்டார். அது கையோடு வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டு, மறுபடியும் நட்டு வைத்துவிட்டுப் போனார்.

அந்த மாதம் மோனிஷா நாடாவை இறக்கியபோது பெட்டி கத்தவில்லை. இன்னும் இறக்கினாள். நாடா தீர்ந்துவிட்டது. அடுப்படியிலிருந்து உஷாராணி வழக்கம்போலக் கேட்டாள். இந்தப் பெண் நாடாவைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கெணறு வத்திருச்சு அண்ணா. என் தீசிஸே இதுக்குள்ளதான் இருக்கு."

அந்த ஆய்வேட்டின் தலைப்பே நிலைத்த நீர்மட்டம் என்பதுதானாம். கட்டுரையாகவும் அச்சாகிவிட்டது. அவள் போய்ச் சொன்னதற்கு ஜெயபிரகாஷ் சார் நாடா பழுதாகியிருக்கும் என்றாராம். புது நாடா வாங்கினார்கள், அதுவும் கத்தவில்லை. மூன்றாவது நாடா வாங்கலாமா என்று கொள்முதல் குழு கூடியது. கடைசியில் அவளை அழைத்து, கிணறு வற்றலாம், தரவு வற்றக்கூடாது என்று அறிவுரை சொல்லி அனுப்பியிருக்கிறார். எங்களிடம் இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

பங்குனிக் கடைசியில் தரமதிப்பீட்டுக் குழு வருகிறது என்று பல்கலைக்கழகமே வெள்ளையடித்துக்கொண்டிருந்தது. குழு நோக்குக் கிணற்றை நேரில் அளந்து பார்க்கும் என்று தகவல். அவர்கள் வருகிற அன்று காலையில் எங்கள் கேட்டைத் திறந்துகொண்டு ஒரு டேங்கர் லாரி உள்ளே வந்தது. பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் மற்றொன்று. உஷாராணி வெளியே ஓடி வந்தாள். கன்றுகளுக்குத்தான் தண்ணீர் வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டாள். நானும்தான் நினைத்தேன்.

முதல் லாரியை ஓட்டி வந்தவர் சென்றாயன், எங்களுக்குத் தெரிந்தவர்தான். அவர் குழாயைக் கன்றுகள் பக்கம் இழுக்கவில்லை. ஜெயபிரகாஷ் சார் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, இரண்டு வருடத்தில் முதல் தடவையாகத் தன் கையால் அந்தப் பூட்டைத் திறந்தார். சென்றாயன் குழாயைப் போருக்குள் விட்டு வால்வைத் திறந்தார்.

நான் லாரி ஓரமாகப் போய், எங்கே பிடித்த தண்ணீர் என்று மெதுவாகக் கேட்டேன்.

"காலேஜு போருதானுங்ணா. பட்டமளிப்பு விழாவுக்குப் புல்லு வளக்கறாங்கள்ல, அதுக்கு மாசியில ஆழமா ஒண்ணு போட்டாங்க. அது ஓட ஆரமிச்சதுலருந்து சுத்துப்பட்டுல எல்லாப் போரும் இறங்கிருச்சுங்க. அங்கிருந்து எடுத்துத்தான் இங்க ஊத்தறேன். எனக்கு நடைக்குக் காசு."

ஊற்ற ஊற்றப் போர் குடித்துக்கொண்டே இருந்தது. பாறை இடுக்கில் இறங்கிப் போய்விடுகிறது போலும். ஒரு லாரி தீர்ந்ததும் அடுத்த லாரி. குழு வந்து இறங்குகிற வரைக்கும் நிறுத்தாமல் ஊற்ற வேண்டும் என்று உத்தரவு. அளக்கிற நேரத்துக்கு மட்டும் லாரிகளை வீட்டுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். நான் ஜெயபிரகாஷ் சாரிடம் போனேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன். ஒரே ஒரு லோடு கன்றுகளுக்கு விடச் சொல்லுங்கள், பாதி உயிர் போய்விட்டது, மீதியாவது பிழைக்கட்டும் என்றேன். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, மனம் நொந்து பேசினார்.

"நீங்க இன்னைக்கு உள்ள மரத்தை நினைக்கறீங்க. நாங்க அடுத்த நூற்றாண்டுக்கான தண்ணீரை நினைக்கறோம். வட்டத்துக்குள்ள தண்ணீர் விட்டா ஆய்வோட நேர்மை என்னாகும், சொல்லுங்க."

அவர் இதைச் சொல்லும்போது பின்னால் போருக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் சத்தத்தை மீறிப் பேச வேண்டியிருந்தது.

டேங்கர் என்றால் வால்வு ஒழுகாமல் இருக்காது. பின்னால் நின்ற லாரியின் வால்விலிருந்து நூல் மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. உஷாராணி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. குடத்தைக் கொண்டுவந்து அதற்குக் கீழே வைத்து, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். குடம் நிரம்பியது. இடுப்பில் எடுத்துக்கொண்டு வீட்டை ஒட்டிய வரிசைப் பக்கம் அவள் திரும்பியபோது ஜெயபிரகாஷ் சார் பார்த்துவிட்டார். அவர் அதட்டவில்லை, அந்த மாதிரி மனிதர் அல்ல. அம்மா, அது துறைக் கணக்கில் வந்த தண்ணீர் என்று பணிவாகச் சொன்னார்.

உஷாராணி அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் சித்திரையை நினைத்தேன். தரையைப் பார்த்தேன். அவள் நேராகப் போரிடம் போய், குடத்தைக் கவிழ்த்து, அடியைத் தட்டித் தட்டி, கடைசிச் சொட்டு வரைக்கும் உள்ளே ஊற்றினாள். அந்தப் போருக்குச் சூடம் காட்டிய கை அது. பிறகு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

குழு வந்தது. நாடா இறங்கியது, பெட்டி 'கீ' என்று கத்தியது. மட்டம் அச்சான கட்டுரையில் இருந்தபடியே இருந்தது. குழுத்தலைவர் பெரியவர், வெயிலில் களைத்திருந்தார். கிணற்றடியில் இருந்த ஈரத்தைப் பார்த்தார், காய்ந்த கன்றுகளைப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை. ஒன்றும் செய்யாமல் விட்டால் நிலம் எப்படி ஆகும் என்று ஒப்பிட்டுக் காட்டுவதற்காக அவற்றை அப்படியே காய விட்டிருக்கிறோம் என்று ஜெயபிரகாஷ் சார் தானாகவே விளக்கினார். பெரியவர் என் பக்கம் திரும்பி, இந்த ஆய்வால் உங்களுக்கு என்ன பலன் என்று கேட்டார்.

எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். வீட்டுக்குப் பின்னால் மூன்று லாரி நின்றது, கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டியிருக்கலாம். ஆனால் மோனிஷா மூச்சை அடக்கிக்கொண்டு நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தாள். சித்திரைக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. வற்றின போரை வாங்கி என்ன செய்யப் போகிறாய் என்று கேட்பீர்கள். மழை வந்தால் ஊறும் என்று ஒரு நப்பாசை. நல்லா இருக்குதுங்க என்றேன். அதைச் சொன்ன வாயை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சித்திரையில் பல்கலைக்கழக மைதானத்தில் விழா வைத்தார்கள். புல் பச்சைப்பசேல் என்று பாய் விரித்த மாதிரி இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன், கால் நனைந்தது. துறைக்கு உயர்ந்த தரம் கிடைத்துவிட்டதாம். சிறந்த நீர்ப் பாதுகாப்பு விவசாயி என்று எனக்கும் ஒரு விருது. துணைவேந்தர் பேசும்போது, இப்படி ஒரு வெற்றிகரமான ஆய்வை இரண்டே வருடத்தில் முடித்துக்கொள்வது அறிவுலகத்துக்குச் செய்கிற துரோகம், ஆகவே இன்னும் ஐந்து ஆண்டுகளுக்கு நீட்டித்திருக்கிறோம் என்று அறிவித்தார். விவசாயியின் மனமார்ந்த சம்மதத்தோடு என்றும் சொன்னார். எனக்குக் காது மந்தம். சரியாகத்தான் கேட்டதா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒப்பந்தத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது என்றார்.

இந்த முறை சால்வை இல்லை. இப்போதெல்லாம் பசுமை விழா, மரக்கன்றுதான் கொடுப்பார்கள். பிளாஸ்டிக் பையில் ஒரு கன்றை என் கையில் கொடுத்து ஜெயபிரகாஷ் சார் மைக்கில் சொன்னார்: தினமும் மறக்காமல் தண்ணீர் ஊற்றுங்கள்.

வீட்டுக்கு வந்து உஷாராணியிடம் நீட்டினேன். என்ன கன்று என்று பார்த்தாள். பாக்கு. தோப்பில் அப்போது ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. குடத்தைக் கவிழ்த்த அன்றைக்கே வீட்டை ஒட்டிய வரிசைக்கும் தண்ணீர் விடுவதை அவள் நிறுத்திவிட்டிருந்தாள். இந்தக் கன்றை அவள் திட்டவில்லை, தூக்கியும் எறியவில்லை. கன்று என்ன பாவம் பண்ணியது. வாசலில் வைத்து, சொம்பில் இருந்த குடிதண்ணீரில் பாதியை அதற்கு விட்டுவிட்டு, மீதியைத் தான் குடித்தாள்.

அடுத்த நாள் காலையில் மோனிஷா அளவெடுக்க வந்தாள். பட்டம் வாங்க இன்னும் கொஞ்ச நாள் அளக்க வேண்டுமாம். நாடா கத்தவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை, வழக்கமான அளவையே எழுதிக்கொண்டாள். திரும்பிப் போகும்போது வாசலில் இருந்த கன்றையும் அதன் அடியில் இருந்த ஈரத்தையும் பார்த்து நின்றாள். குனிந்து செருப்பு வாரைத் தொட்டாள். இந்தத் தடவை அது போதவில்லை, ரோட்டில் ஜீப்பில் ஜெயபிரகாஷ் சார் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, மன்னிச்சிருங்க. இதை மட்டும் வட்டத்துக்கு வெளிய வெச்சுக்கறீங்களா?"

நான் கன்றைத் தூக்கிக்கொண்டேன். சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். தோப்பைக் கடந்தேன், கேட்டைக் கடந்தேன். அதற்கு மேல் எங்கள் இடம் இல்லை. கன்றைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டில் நின்றேன்.